கணினி கொடுப்பவர்கள் நிறுவல் டிஸ்க்கையும் சேர்த்துக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பாடசாலைகளுக்குக் கணினி அன்பளிப்புச் செய்யும் படங்களை உங்கள் பத்திரிகையில் அடிக்கடி பார்க்கிறேன். ஊரை விட்டுப் போன பழைய மாணவர்கள் சேர்ந்து அனுப்புகிறார்கள், சங்கங்கள் கொடுக்கின்றன, சில வேளை ஒரு தனி மனிதர் தாயின் நினைவாக ஐந்து கணினி வாங்கிக் கொடுக்கிறார். நல்ல காரியம், அவர்களை மனதார மதிக்கிறேன். ஆனால் ரிப்பன் வெட்டிய பிறகு அந்தக் கணினிகளுக்கு என்ன நடக்கிறது என்பதை நான் கிட்ட இருந்து பார்க்கிறேன். திருகோணமலை நகரில் கணினி திருத்தும் சிறிய கடை வைத்திருக்கிறேன். அவற்றில் பல கொஞ்சக் காலத்தில் என் மேசைக்கு வந்துவிடும். பழுதாகி வருபவை குறைவு. "இதில் ஒன்றுமே இல்லை, பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வேண்டியதைப் போட்டுத் தாருங்கள்" என்று சொல்லித்தான் கொண்டுவருகிறார்கள்.

அதனால் கொடுப்பவர்களிடமும் கல்வி அலுவலகங்களிடமும் நூலகங்களை நடத்துபவர்களிடமும் ஒன்றைக் கேட்டு இதை எழுதுகிறேன். கணினி கொடுக்கும்போது, இணையம் இல்லாமலே மென்பொருள் போட்டுக்கொள்ளக்கூடிய லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் இலவச மென்பொருள்) நிறுவல் டிஸ்க் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். அதன் ஒரு படி மாவட்டத்தின் ஒவ்வொரு கல்வி வலயத்திலும் இருக்கட்டும்.

லினக்ஸ் ஏன் என்று சிலர் கேட்பார்கள். 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 க்கு இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆன சில்லு இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். எங்கள் பாடசாலைகளுக்கு வரும் இரண்டாம் கைக் கணினிகளில் நான் திறந்து பார்ப்பவை நான்காம், ஆறாம் தலைமுறைதான். அவற்றைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. நாலு ஜிபி ராம் இருந்தால் டெபியன் என்ற லினக்ஸ் வகையை எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய முகப்புத் திரையோடு போட்டு இன்னும் பல வருடம் ஓட்டலாம். சாதாரண தரத்துக்குத் தேவையான பாஸ்கல் நிரல்மொழி, உயர்தரத்துக்குத் தேவையான பைத்தன் நிரல்மொழி, எழுத, கணக்குப் போட, தரவுத்தளம் அமைக்க லிப்ரே ஒபிஸ் எல்லாம் அதில் இலவசமாக உண்டு. இதை இப்போது ஆசிரியர்களே என்னிடம் வந்து சொல்கிறார்கள். அந்த மட்டில் சந்தோஷம். சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது.

வெருகல் பக்கம் ஒரு பாடசாலைக்குப் போயிருந்தேன். கணினி அறையில் பத்துக் கணினிகள், சுத்தமான மேசைகள், துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். ஆசிரியை தானாகவே லினக்ஸ் போட முயன்றிருந்தார். அவரிடம் இருந்தது நெட்இன்ஸ்ட் என்ற சிறிய கோப்பு. அது ஒரு ஜிபிக்கும் குறைவு, இறக்குவது சுகம். ஆனால் அதில் அடித்தளம் மட்டும்தான் இருக்கும். திரை, ஒபிஸ், மற்றதெல்லாம் நிறுவும்போது இணையத்திலிருந்து வர வேண்டும். அவர் தன் போனை ஜன்னல் கம்பிக்கு இடையில் செருகி வைத்திருந்தார், அந்த அறையில் அங்கேதான் சிக்னல் இரண்டு கோடு காட்டும். போனின் டேட்டாவில் முதல் கணினியை ஏற்றப் பார்த்திருக்கிறார். பட்டை பாதி தாண்டி நின்றுவிட்டது. ஒரு கணினிக்கு ஒரு ஜிபிக்கு மேல் என்றால் பத்துக் கணினிக்கும் அதையே பத்துத் தரம் இறக்க வேண்டும், அதுவும் ஒரு ரீச்சரின் சொந்தக் காசில். பிள்ளைகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டெபியன் திட்டம் நெட்இன்ஸ்டோடு டிவிடி அளவிலான கோப்புகளையும் வெளியிடுகிறது என்பது பலருக்குத் தெரியாது. முதல் டிவிடி நாலு ஜிபி அளவில் வரும். அதிகம் பேர் பாவிக்கும் பொதிகளை (லினக்ஸில் மென்பொருள் வரும் கட்டுகளை) தேர்ந்து அதில் அடுக்கியிருக்கிறார்கள். திரை, ஒபிஸ், படம் திருத்தும் ஜிம்ப், பைத்தன் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. ஒருமுறை நகரில் இறக்கி, பென் டிரைவில் எழுதிக் கொண்டுபோனால் பத்துக் கணினிக்கும் அது போதும். நிறுவும்போது, பொதிகளை இணையத்தில் வைத்திருக்கும் மிரர் தளத்தைப் பயன்படுத்தவா என்று ஒரு கேள்வி வரும். "இல்லை" என்று கொடுக்க வேண்டும். ஆம் என்று கொடுத்துவிட்டு, இணைப்பும் பாதி இருந்து பாதி இல்லாமல் இருந்தால் நிறுவல் அந்த இடத்திலேயே நெடுநேரம் தவித்துக்கொண்டு நிற்கும். இன்னொன்று, வரைகலை நிறுவலைத் தெரிவு செய்தால் முதல் திரையிலேயே தமிழை எடுக்கலாம், சிங்களமும் இருக்கிறது. எங்கள் மாவட்டத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வைஃபை பற்றியும் ஒரு சொல். முன்பெல்லாம் லப்டொப்பில் டெபியன் போட்டால் வைஃபை இயங்கத் தேவையான ஃபேர்ம்வெயர் என்ற சிறு மென்பொருளைத் தனியாகத் தேடி அலைய வேண்டும். 2023 இல் வந்த டெபியன் 12 இலிருந்து அதையும் நிறுவல் டிஸ்க்குக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

நிறுவி முடிந்த பிறகு வரும் ஒரு தடங்கலை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல ஆசிரியர்கள் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். புதிதாக ஒரு பொதியைப் போடச் சொன்னால் ஆப்ட் என்ற நிறுவுகருவி, "இன்ன பெயருள்ள டிஸ்க்கை டிரைவில் போட்டு என்டரை அழுத்தவும்" என்று கேட்கும். பென் டிரைவ் குத்தியபடியே இருக்கும், ஆனாலும் திரும்பத் திரும்ப அதையே கேட்கும். காரணம் இதுதான்: ஆப்ட் சிடிரொம் என்று பெயர் வைத்த ஒரு போல்டருக்குள்தான் பார்க்கிறது, பென் டிரைவோ வேறொரு போல்டரில் ஏறி நிற்கிறது. டிஸ்க்கில் ஒரு பழுதும் இல்லை, வழிதான் பிசகு. டிவிடிக் கோப்பை அப்படியே கணினியின் ஹாட் டிஸ்க்கில் ஒரு பக்கம் வைத்துவிட்டு, கணினி தொடங்கும்போதெல்லாம் அந்தக் கோப்பு ஒரு போல்டராகத் திறக்கும்படி ஒரு வரியும், ஆப்ட் அந்தப் போல்டரைப் பார்க்கும்படி அதன் மூலப் பட்டியலில் ஒரு வரியும் எழுதினால் விஷயம் முடிந்தது. ஐந்நூறு ஜிபி டிஸ்க்கில் நாலு ஜிபி போவது ஒரு இழப்பே இல்லை. அதன் பிறகு பென் டிரைவ்கூடத் தேவையில்லை, எந்த நேரமும் அந்த டிவிடியில் உள்ள எந்தப் பொதியையும் அந்தக் கணினியே தனக்குள்ளிருந்து எடுத்துக்கொள்ளும்.

வெருகலில் இதை ஒரு கணினியில் மட்டும் செய்தேன். அங்கே கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பழைய சுவிட்ச் ஒன்றும் லான் வயர்களும் ஏற்கெனவே இருந்தன. பைத்தனோடு வரும், மற்றக் கணினிகளுக்குக் கோப்புகளைக் கொடுக்கும் சிறிய வெப் சேர்வரை முதல் கணினியில் ஓட விட்டு, மற்ற ஒன்பதும் வயர் வழியாக அதிலிருந்து பொதிகளை எடுக்கும்படி வைத்தேன். வெளி இணையம் ஒரு துளியும் இல்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு கணினியில் இருந்து கட்டளையைத் தாங்களே தட்டினார்கள். எழுத்து ஓடி முடிந்து பாஸ்கல் வந்து நின்றபோது கடைசி வரிசையில் இருந்த ஒரு பிள்ளை, "சேர், டேட்டா எவ்வளவு போனது?" என்று கேட்டாள். ஒன்றும் போகவில்லை என்றேன். நம்பாமல் ரீச்சரின் போனை எட்டிப் பார்த்தாள்.

நகருக்கு வந்து தனித்தனிப் பொதியாக இறக்கிக் கொண்டுபோகலாமே என்பார்கள். உயர்தரப் பெடியன்கள் அப்படித்தான் செய்கிறார்கள், அவர்கள் படும் பாட்டைப் பார்க்க மனம் கேட்பதில்லை. லினக்ஸில் ஒரு மென்பொருள் மற்றப் பொதிகளைச் சார்ந்து நிற்கும். ஒன்றை மட்டும் கொண்டுபோனால் இது இல்லை என்று இரண்டாவதைக் கேட்கும், இரண்டாவது மூன்றாவதைக் கேட்கும். மூதூரில் இருந்து பஸ் ஏறி வந்தவன் ஒரு சிறிய பொதிக்காகத் திரும்பவும் பஸ் ஏற வேண்டும். பதிப்பு மாறினால் அதுவும் சரிவராது, டெபியன் 12 இல் டெபியன் 13 இன் பொதியைத் திணித்தால் கணினி குழம்பிப்போகும். டிவிடித் தொகுதியில் இந்தத் தொல்லை இல்லை. எல்லாம் ஒரே பதிப்பு, ஒன்றுக்கொன்று வேண்டியவை சேர்ந்தே இருக்கும்.

தவிர்க்க முடியாமல் தனிப் பொதி வேண்டும் என்றால் ஆப்ட்-ஓஃப்லைன் என்று ஒரு கருவி உண்டு. இணைப்பு இல்லாத கணினி தனக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு பட்டியலைப் பென் டிரைவில் எழுதித் தரும். அதை இணைப்புள்ள இடத்துக்குக் கொண்டுவந்தால் சார்ந்த பொதிகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கட்டாக இறக்கித் தரும், திரும்பக் கொண்டுபோய் ஏற்றலாம். பட்டியலை எழுதிய கணினியே தன் குறையைச் சொல்வதால் எதுவும் விடுபடாது.

ஆனாலும் முதல் டிவிடியில் எல்லாம் இருக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. முழுத் தொகுதி இருபது டிவிடிக்கு மேல் வரும், அளவில் நூறு ஜிபியை ஒட்டியோ அதற்குச் சற்று மேலோ நிற்கும். 256 ஜிபி வெளி டிஸ்க் ஒன்றில் தாராளமாக அடங்கும். நான் கேட்பது அந்த முழுத் தொகுதியைத்தான். எங்கள் மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய் என்று ஐந்து கல்வி வலயங்கள். ஐந்து டிஸ்க். ஒரு அன்பளிப்பில் பத்துக் கணினி கொடுப்பவர் ஒன்பதைக் கொடுத்து மிச்சக் காசில் ஐந்து டிஸ்க் வாங்கினால், முன்பு கொடுத்து மூடி வைத்திருக்கும் கணினிகளும் சேர்ந்து எழும்பும்.

இது புதிய யோசனையும் இல்லை. 2005 அளவில் தொடங்கி 2011 வரை உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகையை வெளியிடுபவர்கள் கேட்டவர்களுக்கெல்லாம் உலகம் முழுக்கத் தபாலில் சிடி அனுப்பினார்கள், ஒரு சதம் வாங்கவில்லை. ஷிப்இட் என்று பெயர். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் எனக்கும் அப்படி ஒரு உறை வந்தது. தபால்காரர் கையில் கொடுத்தபோது இதற்கு ஏன் காசு கேட்கவில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் ஆச்சரியம். அந்தச் சிடியைப் படி எடுத்துக் கூட்டாளிகளுக்குக் கொடுத்தேன், அவர்கள் வேறு ஆட்களுக்குக் கொடுத்தார்கள். கிண்ணியாப் பாலம் 2009 இல்தான் திறந்தார்கள். அதற்கு முன்பு பாதையில் (ஆட்களை ஏற்றிப் போகும் மிதவைப் படகில்) ஏறித்தான் அக்கரைக்குப் போக வேண்டும். அந்தப் பாதையிலும் அந்தச் சிடி போனது. இணையம் எல்லோருக்கும் வந்துவிட்டது என்ற எண்ணத்தில் இந்தப் பழக்கத்தை விட்டுவிட்டோம். எல்லோருக்கும் வந்துவிடவில்லை.

படி எடுத்துக் கொடுப்பது களவா என்று ஒரு அதிபர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி, கேட்டதற்காக அவர் மேல் எனக்கு மதிப்புக் கூடியது. நகலெடுத்த விண்டோஸ் சிடிகள் கடைகளில் விற்ற காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள், அந்தக் கூச்சம் இருப்பது சரிதான். லினக்ஸ் விஷயத்தில் அப்படி இல்லை. டெபியனின் முதன்மைத் தொகுதியில் உள்ள மென்பொருள்களின் உரிமமே படி எடு, கொடு, வேண்டுமானால் மாற்று என்றுதான் சொல்கிறது. நூலகம் இரவல் கொடுக்கலாம், ஆசிரியர் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கைமாறிக் கைமாறிப் போகும்போது ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். டிவிடிக் கோப்போடு எஸ்எச்ஏ 256 என்ற சரிபார்ப்புத் தொகையையும் டெபியன் வெளியிடுகிறது. கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் அந்தத் தொகை முழுவதும் மாறிவிடும். படி எடுத்தவுடன் கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், சில நிமிட வேலைதான். உள்ளூர் டிஸ்க்கில் இருப்பதை ஆப்ட் பெரும்பாலும் நம்பி எடுத்துக்கொள்ளும், அதனால் டிஸ்க்கை நாங்கள்தான் முதலில் சோதித்துக் கொடுக்க வேண்டும். வலயத்தில் டிஸ்க்கை வைத்திருப்பவர் அந்தத் தொகையை அச்சிட்டு டிஸ்க்கின் பெட்டியில் ஒட்டி வைத்தால் நல்லது. பென் டிரைவ் வழியாக வைரஸ் பரவி எத்தனை பாடசாலைக் கணினி கெட்டதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை வலியுறுத்துகிறேன்.

கோப்பு நாலு ஜிபியைத் தாண்டினால் ஃபெட் 32 முறையில் ஃபோர்மட் செய்த பென் டிரைவில் ஏறாது. உபுண்டுவின் கோப்பு இப்போது அதைவிடப் பெரியது. பென் டிரைவை எக்ஸ்ஃபெட் என்ற முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பழையதாகிவிடாதா என்று கேட்கலாம். பழையதாகும். டெபியன் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளவில் திருத்தங்களைச் சேர்த்துப் புதிய டிவிடிகளை விடுகிறது. இணையத்தோடு இணைந்த கணினிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் உடனுக்குடன் வேண்டும், அதற்கு டிஸ்க் மட்டும் போதாது. ஆனால் இணைப்பே இல்லாத வகுப்பறைக் கணினிக்கு ஒரு தவணைக்கு ஒருமுறை புதுப்பித்தால் கற்பிக்கப் போதும். அதற்காக முழுத் தொகுதியையும் திரும்ப இறக்க வேண்டியதில்லை. ஜிக்டோ என்ற கருவி பழைய டிவிடிக் கோப்பை வைத்துக்கொண்டு, மாறிய பொதிகளை மட்டும் இறக்கிப் புதிய டிவிடியை அடுக்கித் தரும். முழுத் தொகுதியின் பின் டிவிடிகளையும் அதன் வழியாகத்தான் எடுக்க வேண்டியிருக்கும். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. கணினி படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். தவணைக்கு ஒருமுறை ஐந்து டிஸ்க்கையும் வாங்கிப் புதுப்பித்துக் கொடுக்கும் வேலையை அவர்களிடம் கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அவர்களுக்கும் அது பயிற்சி.

அந்த டிஸ்க்கில் எங்கள் பிள்ளைகளுக்கென்று என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: எங்கள் நாட்டில் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகை, தமிழ்99, ஒலிப்பு முறை மூன்றும் எம்17என் என்ற பொதிகளில் இருக்கின்றன. தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன. லிப்ரே ஒபிஸின் பட்டிகளைத் தமிழில் காட்டும் பொதி இருக்கிறது. ஸ்டெல்லேரியம் என்ற வான்காட்சி மென்பொருள் இருக்கிறது. திருகோணமலையின் இடக்குறியைக் கொடுத்து இன்று இரவு எங்கள் கடலுக்கு மேல் எந்த நட்சத்திரம் எழும் என்று காட்டலாம். டிஸ்க்கில் இடம் மிஞ்சும், இணையம் இல்லாமல் விக்கிப்பீடியா வாசிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருளுக்கான தமிழ் விக்கிப்பீடியாக் கோப்பையும் சேர்த்து வைத்தால் இணையம் இல்லாத வகுப்பறையில் ஒரு கலைக்களஞ்சியமும் கிடைக்கும்.

இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே, இது தேவையா என்று நகரத்தில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலும் வெள்ளமும் வந்தபோது நகரத்திலும் இணைப்புப் போனது எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் வடிந்த பிறகு நனைந்த கணினிகள் என் கடைக்கு வந்தன. உலர்த்தி, ஹாட் டிஸ்க் மாற்றி, ஒவ்வொன்றாக ஏற்றிக் கொடுத்தேன். இணைப்புச் சீராகும் வரை ஒருவரையும் காத்திருக்க வைக்கவில்லை, ஏனென்றால் தொகுதி முழுவதும் கடை அலுமாரியில் இருந்தது. ஒரு கடையில் இருப்பது மாவட்டத்துக்குப் போதாது. மாகாணக் கல்வித் திணைக்களம் நினைத்தால் வலயங்களின் கணினி வள நிலையங்களில் இதை வைப்பது பெரிய செலவும் இல்லை, பெரிய வேலையும் இல்லை. பொது நூலகமும் பிரதேச சபை நூலகங்களும் புத்தகத்தைப் போலப் பதிவு போட்டு ஒரு கிழமைக்கு இரவல் கொடுக்கலாம்.

அதுவரைக்கும் நான் ஒன்று செய்கிறேன். எந்தப் பாடசாலையோ நூலகமோ 256 ஜிபி டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தால் முழுத் தொகுதியையும் படி எடுத்து, சரிபார்த்து, சரிபார்ப்புத் தொகையின் அச்சையும் வைத்துத் தருவேன். காசு வேண்டாம், அதிபரின் கடிதமும் வேண்டாம். காலையில் தந்தால் பின்னேர பஸ்ஸுக்கு முன் எடுத்துக்கொண்டு போகலாம். கடையின் விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக எழுதி அனுப்பியிருக்கிறேன், கேட்பவர்களுக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கணினி திருத்துநர் ஒருவர்,
திருகோணமலை.